நிலுவையைக் கொடுத்தவருக்கு மாலையா?

வருடந்தோறும் ஒக்டோபர் மாதம் பிறந்தால் உலகப் பத்திரிகைகளுக்கு ஒரே கேள்வி: சமாதானத்துக்கான நோபல் பரிசு இம்முறை யாருக்கு? அண்மைக் காலத்தில் இந்தக் கேள்வி வெட்கம் கெட்ட நிலைக்குப் போய்விட்டது.

2025 யூலையில், வெள்ளை மாளிகையில் நடந்த இராப்போசனத்தில், இஸ்ரேல் பிரதமர் நெத்தன்யாகு அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்பிடம் ஒரு கடிதத்தைக் கையளித்தார். ட்ரம்புக்குச் சமாதானப் பரிசு வழங்க வேண்டும் என்று நோபல் குழுவுக்கு எழுதிய பரிந்துரைக் கடிதம் அது. எழுதியவர் மீது போர்க் குற்றங்களுக்காக சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2024 நவம்பரிலேயே பிடியாணை பிறப்பித்திருந்தது. கடிதம் கைமாறிய நாட்களில் காஸாவில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. ஒக்டோபரில் அந்தப் பரிசு வெனிசுவேலாவின் எதிர்க்கட்சித் தலைவி மச்சாடோவுக்குப் போனது. டிசம்பரில் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் தானே புதிதாக ஒரு சமாதானப் பரிசை உண்டாக்கி, அதன் முதற் பரிசை ட்ரம்புக்கு வழங்கியது.

இதைச் சிரித்துவிட்டு விட்டுவிட முடியாது. "தோட்டத்துக்கும் ஒஸ்லோவுக்கும் என்ன சம்பந்தம்? கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர் போடுகிறான், அதை எழுதுங்கள்" என்று சொல்லும் தோழர்கள் இருக்கிறார்கள். அதை எழுதாத இதழ் இல்லை. ஆனால் யாருடைய உழைப்பால் கிடைத்தது, யாருடைய கழுத்தில் மாலை விழுகிறது என்ற கேள்வி ஒஸ்லோவிலும் ஒன்றுதான், அட்டனிலும் ஒன்றுதான். அதனால் எமது நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஆட்சி அதிகாரத்தில் இருக்கும் எந்த அரசியல் தலைவருக்கும் சமாதானப் பரிசு கொடுக்கக்கூடாது. நல்லவருக்கும் கூடாது, கெட்டவருக்கும் கூடாது.

நம் தோட்டத்துக் கணக்கு

ஒரு கம்பனி எட்டு மாதச் சம்பள நிலுவையைத் தராமல் இழுத்தடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரட்டுக்களத்தில் நின்று கேட்கிறோம். கறுப்புக்கொடி கட்டுகிறோம். வேலையை நிறுத்துகிறோம். அந்த நாட்களுக்குப் பேர் இல்லை; கடையில் கடன் ஏறுகிறது; பிள்ளையின் பாடசாலைச் செலவு தள்ளிப்போகிறது. கடைசியில் கம்பனி இறங்கி வந்து நிலுவையைத் தருவதாகக் கையொப்பம் வைக்கிறது. காசு கைக்கு வர முன்னரே, "தொழிலாளர் நலன் காத்த துரை" என்று அவருக்கு யாராவது பொன்னாடை போர்த்தினால் நாம் பார்த்துக்கொண்டிருப்போமா?

ஒரு யுத்தத்தை நடத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அதை நிறுத்தும் கடமையும் அவர் கையில்தான் இருக்கிறது. இராணுவத்தை அனுப்பியவர் திருப்பி அழைப்பதும், குண்டு போடச் சொன்னவர் நிறுத்தச் சொல்வதும் மக்களுக்குத் தர வேண்டிய நிலுவை. வட்டியும் இல்லாமல், இறந்தவர்களின் கணக்கும் இல்லாமல், காலம் கடந்து கொடுக்கப்படும் நிலுவை. அதற்குச் சம்பளமும் மாளிகையும் வாகனத் தொடரணியும் மக்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். மேலே ஒரு தங்கப் பதக்கம் எதற்கு?

1973: மறுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர்

இந்தப் பரிசின் வரலாற்றில் நாம் மறக்கக்கூடாத வருடம் 1973. வியட்நாம் யுத்தத்தை நிறுத்தும் பாரிஸ் உடன்படிக்கை அந்த வருடம் ஜனவரி 27 ஆம் திகதி கைச்சாத்தானது. அதற்காக அமெரிக்காவின் ஹென்றி கிசிங்கருக்கும் வட வியட்நாமின் லே டக் தோவுக்கும் ஒக்டோபரில் பரிசு அறிவிக்கப்பட்டது.

கிசிங்கர் யார்? நடுநிலை நாடான கம்போடியா மீது 1969 மார்ச்சில், அமெரிக்க மக்களுக்கே தெரியாமல் தொடங்கிய குண்டுவீச்சைத் திட்டமிட்டவர்களில் ஒருவர். பாரிஸ் உடன்படிக்கைக்கு முந்தைய மாதம், நத்தார் காலத்தில், ஹனோய் மீதும் ஹைபோங் மீதும் குண்டு மழை பொழிந்த அரசின் ஆலோசகர். கம்போடியா மீதான குண்டுவீச்சு 1973 ஓகஸ்ட்டில்தான் நின்றது. அதுவும் அமெரிக்கக் காங்கிரஸ் பணத்தை நிறுத்தியதால் நின்றது. இரண்டு மாதம் கழித்துப் பரிசு.

தொழிற்சங்கத்தினரான நாம் இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதே 1973 செப்டெம்பர் 11 ஆம் திகதி சிலியில் தொழிலாளர் வாக்குகளால் வந்த அலெண்டேயின் அரசு இராணுவச் சதியால் கவிழ்க்கப்பட்டது. அலெண்டே அரசுக்கு எதிராக அமெரிக்கா நடத்திய இரகசிய வேலைகளை அமெரிக்க செனட் சபையின் விசாரணைக் குழுவே பின்னர் வெளிக்கொண்டுவந்தது. அத்தகைய வேலைகளுக்கு அனுமதி வழங்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் கிசிங்கர். சதி நடந்த அதே மாதத்தில் சிலியின் மத்திய தொழிற்சங்க அமைப்பு தடைசெய்யப்பட்டது. சங்க அலுவலகங்கள் மூடப்பட்டன, தோழர்கள் விளையாட்டு மைதானங்களில் அடைக்கப்பட்டார்கள். அடுத்த மாதம் ஒஸ்லோவிலிருந்து சமாதான அறிவிப்பு வருகிறது!

லே டக் தோ பரிசை மறுத்துவிட்டார். தன் நாட்டில் உண்மையான சமாதானம் இன்னும் வரவில்லை என்பது அவர் சொன்ன காரணம். சமாதானப் பரிசைத் தானாக மறுத்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். கிசிங்கர் ஏற்றுக்கொண்டார்; ஆனால் வாங்க ஒஸ்லோவுக்குப் போகவில்லை. நோபல் குழுவின் ஐந்து உறுப்பினர்களில் இருவர் பதவி விலகினார்கள். 1975 ஏப்ரல் 30 ஆம் திகதி சைகோன் வீழ்ந்த பிறகு கிசிங்கர் பரிசைத் திருப்பித் தர முன்வந்தார். குழு வாங்க மறுத்துவிட்டது. கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பப் பெறும் விதி அங்கே கிடையாது.

வேலை தொடங்க முன் சம்பளம்

2009 இல் ஒபாமாவுக்கு நடந்ததைப் பாருங்கள். அவர் பதவியேற்றது ஜனவரி 20. பரிந்துரைகளுக்கான கடைசி நாள் பெப்ரவரி 1. பன்னிரண்டு நாளில் என்ன சமாதானம் செய்திருக்க முடியும்? ஆனாலும் ஒக்டோபரில் பரிசு அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 1 ஆம் திகதி ஆப்கானிஸ்தானுக்கு மேலும் 30,000 படையினரை அனுப்புவதாக அவர் அறிவித்தார். டிசம்பர் 10 ஆம் திகதி ஒஸ்லோவில் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார். நமக்கு மாலையில் கொழுந்தை நிறுத்துத்தான் பேர் போடுவார்கள். அவருக்குக் கூடையைத் தோளில் மாட்டியவுடனேயே முழுப் பேர் விழுந்துவிட்டது.

அதைவிடக் கொடுமை 2019. எதியோப்பியப் பிரதமர் அபி அஹமட் அயல்நாடான எரித்திரியாவுடன் 2018 இல் சமாதானம் செய்ததற்காகப் பரிசு பெற்றார். இருபது வருடப் பகை முடிந்தது என்று உலகமே பாராட்டியது. 2020 நவம்பரில் அவரது அரசு தன் நாட்டின் திக்ரே மாநிலத்தில் யுத்தத்தில் இறங்கியது. சமாதானம் செய்துகொண்ட அதே எரித்திரியாவின் படைகள் திக்ரே மக்களுக்கு எதிராக அவருடன் கூட்டுச் சேர்ந்து நின்றன. உணவும் மருந்தும் தடுக்கப்பட்டன. இலட்சக்கணக்கானோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. 2022 ஜனவரியில் நோபல் குழு ஓர் அறிக்கை விட்டது: யுத்தத்தை நிறுத்தும் விசேட பொறுப்பு அபி அஹமட்டுக்கு உண்டாம்! திரும்பப் பெற முடியாத பதக்கத்தைக் கொடுத்தவர்களால் அறிக்கை விடுவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

ஆங் சான் சூ கீயின் கதை வேறு வகை. 1991 இல் அவர் பரிசு பெற்றபோது ஆட்சியில் இருக்கவில்லை, வீட்டுக்காவலில் இருந்தார். அந்தப் பரிசு நியாயமானது என்றே நாம் சொல்வோம். ஆனால் அவர் அரசை நடத்திய காலத்தில், 2017 ஓகஸ்ட்டிலிருந்து ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் பங்களாதேசுக்குத் தப்பி ஓடினார்கள். 2019 டிசம்பரில் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில், இனப்படுகொலை வழக்கில் தன் நாட்டின் சார்பில் வாதாட எழுந்து நின்றவர் அவரேதான். பின்னர் அதே இராணுவம் அவரையும் சிறையில் தள்ளியது. வீட்டுக்காவலில் இருந்தவருக்குக் கொடுத்த மதிப்பை அரச தலைவி கேடயமாகப் பிடித்துக்கொண்டார். பரிசு ஒரு செயலுக்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால் ஆளோடு ஒட்டிக்கொள்கிறது. அதிகாரத்தில் இருப்பவரோடு ஒட்டினால் அது அதிகாரத்துக்கு மேற்பூச்சாகிவிடுகிறது.

தெரிவு செய்பவர்கள் யார்?

நோபல் குழுவின் ஐந்து பேரையும் நியமிப்பது நோர்வே பாராளுமன்றம். பரிந்துரைக்கும் உரிமை அரச தலைவர்களுக்கும், அமைச்சர்களுக்கும், பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும், குறிப்பிட்ட சில துறைப் பேராசிரியர்களுக்கும், முன்பு பரிசு பெற்றோருக்கும், இவர்களைப் போன்ற சிலருக்கும் உண்டு. குண்டில் வீடிழந்த பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. ஒரு தொழிற்சங்கத்துக்கும் இல்லை. ஆளுகிறவர்கள் ஆளுகிறவர்களைப் பரிந்துரைக்கிறார்கள். ஆளும் சபை நியமித்தவர்கள் தெரிவு செய்கிறார்கள். நெத்தன்யாகு கடிதம் கொடுக்க முடிந்ததும் இந்த விதியால்தான்.

இதே பரிசு காந்திக்குக் கிடைக்கவில்லை. 1937 இலிருந்து 1948 வரை ஐந்து தடவைகள் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. 1948 இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், உயிரோடிருக்கும் தகுதியானவர் எவரும் இல்லை என்று கூறி அந்த வருடப் பரிசையே நிறுத்திவைத்தார்கள். எந்த அரசுப் பதவியிலும் அமராத மனிதரை அளக்க அவர்களிடம் தராசு இருக்கவில்லை.

கைகுலுக்கலின் விலை நமக்குத் தெரியும்

இரண்டு தலைவர்கள் கைகுலுக்கிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது என்று கொண்டாடும் வழக்கம் என்ன செய்யும் என்பதை மலையகத் தமிழரைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மூத்தோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 975,000 பேர். அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரின் தலைவிதி பிறகு பார்த்துக்கொள்ளப்படும். 1974 இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இரு அயல்நாடுகள் ஒரு பழைய பிணக்கைச் சமாதானமாகத் தீர்த்துக்கொண்டன என்றுதான் வெளியுலகம் அதைப் பார்த்தது. எண்ணப்பட்ட மக்களுக்கோ அந்த மேசையில் இடமில்லை. அண்ணன் ஒரு பட்டியலில், தம்பி மறு பட்டியலில். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. நாடற்ற நிலை சட்டப்படி ஒழிய 2003 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வரை, 1948 இலிருந்து 55 வருடங்கள் காத்திருந்தோம். யாருக்காகச் சமாதானம் செய்யப்படுகிறதோ அவர்களிடம் கேட்காமல் செய்த சமாதானம் எப்படி இருக்கும் என்பதற்கு நமது லயங்களே சாட்சி.

மறுபக்கத்தார் சொல்வது

சிலர் நேர்மையாகவே கேட்கிறார்கள்: தலைவர்கள் கையொப்பம் வைக்காமல் எந்த யுத்தம் முடிந்தது? துணிந்து சமாதானத்துக்கு வருகிற தலைவர் உயிரையே பணயம் வைக்கிறார் அல்லவா? 1994 இல் அரபாத்துடனும் பெரஸுடனும் பரிசைப் பகிர்ந்துகொண்ட ராபின், மறு வருடமே தன் நாட்டுத் தீவிரவாதி ஒருவனால் கொல்லப்பட்டார். 1978 இல் பரிசு பெற்ற எகிப்தின் சதாத்தும் 1981 இல் கொல்லப்பட்டார். இதை நாம் சிறுமைப்படுத்தவில்லை. அவர்கள் கொடுத்த விலை பெரியது. ஆனால் அவர்களைத் துணிய வைத்தது பதக்கம் அல்ல. யுத்தம் இனித் தாங்காது என்ற நிலைமைதான். பரிசு பெற்ற ஒஸ்லோ உடன்படிக்கைக்குப் பிறகும் மேற்குக் கரையில் யூதக் குடியேற்றங்கள் பெருகிக்கொண்டேதான் போயின. பதக்கம் ஒரு செங்கல்லைக்கூடத் தடுக்கவில்லை.

மண்டேலா? 1993 இல் அவர் ஜனாதிபதி அல்ல. 27 வருடம் சிறையில் இருந்த போராளி. அவருக்குக் கொடுத்தது சரி. அவரோடு சேர்த்து அப்போதைய ஜனாதிபதி டி கிளார்க்குக்கும் பாதி கொடுத்தார்களே, அதுதான் நாம் சொல்லும் நிலுவைக்கு மாலை. நிறவெறி ஆட்சி தானாக மனம் திருந்தவில்லை. 1985 இல் உருவான கொசாட்டு தொழிற்சங்கச் சம்மேளனமும் சுரங்கத் தொழிலாளரும் நகரிய மக்களும் நாட்டை ஆள முடியாத நிலைக்குக் கொண்டுவந்ததால்தான் அது இறங்கி வந்தது.

பரிசு சரியான இடத்துக்குப் போனபோது

இந்தப் பரிசே வேண்டாம் என்பது எமது வாதமல்ல. சரியாகக் கொடுத்த வருடங்களும் உண்டு. அவை எவை என்று பாருங்கள், அங்கே தொழிலாளியைக் காண்பீர்கள்.

1951 இல் பிரான்சின் தொழிற்சங்கத் தலைவர் லியோன் ஜூஓ. அவர் தீப்பெட்டித் தொழிற்சாலைத் தொழிலாளி. தன் தகப்பனின் கண்ணைப் பறித்த வெண் பொசுபரசுக்கு எதிரான வேலைநிறுத்தத்தில் நின்று வேலையை இழந்தவர். 1969 இல் சர்வதேச தொழில் தாபனம். நீதியான வேலை நிலைமை இல்லாத இடத்தில் நிலையான சமாதானம் இல்லை என்பதை 1919 இலேயே தன் அத்திவாரத்தில் எழுதிவைத்த அமைப்பு அது. 1983 இல் போலந்தின் கப்பல் கட்டும் தளத்து மின்தொழிலாளி லெக் வலேசா. நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று அஞ்சி அவர் போகவில்லை. மனைவி போய்ப் பெற்றுக்கொண்டார்.

1992 இல் குவாத்தமாலாவின் ரிகொபெர்த்தா மெஞ்சு. பழங்குடிப் பெண், காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்த குடும்பம். விவசாயிகள் சங்கத்தில் இருந்த அவர் தகப்பன், 1980 இல் ஸ்பானியத் தூதரகத்தில் எரிந்து இறந்தவர்களில் ஒருவர். ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள் அந்த மேடையில் ஏறினாள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 2015 இல் துனீசியாவின் நான்கு அமைப்புகள். அவற்றில் முன்னின்றது அந்நாட்டின் பொதுத் தொழிலாளர் சங்கம். அரசியல்வாதிகள் நாட்டை உள்நாட்டு யுத்தத்தின் விளிம்புக்குக் கொண்டுபோனபோது, அவர்களை மேசைக்கு இழுத்து வந்து உட்கார வைத்தது தொழிற்சங்கம்.

நாம் கேட்பது

ஒன்று: ஆட்சிப் பதவியில் இருப்பவருக்குச் சமாதானப் பரிசு இல்லை. பதவியை விட்டிறங்கிப் பத்து வருடம் போகட்டும், பிறகு பேசுவோம்.

இரண்டு: எந்தச் சமாதான ஒப்பந்தத்தையும் மை காய முன் பரிசளிக்கக்கூடாது. நோபலின் உயிலில் "கடந்த வருடம்" என்று இருக்கிறது என்பார்கள். பௌதிகத்துக்கும் மருத்துவத்துக்கும் அதே உயில்தான். அங்கே ஒரு கண்டுபிடிப்பு நிலைத்து நிற்கிறதா என்று பல வருடங்கள் பொறுத்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். மூலக்கூறுக்குக் காட்டும் பொறுமையை மனித உயிருக்கும் காட்டட்டும். இடம்பெயர்ந்தவர் வீடு திரும்பினாரா, காணாமற்போனவர்களின் தாய்மாருக்குப் பதில் கிடைத்ததா, பறித்த காணி திரும்பியதா என்று பார்த்த பிறகு கொடுக்கட்டும்.

மூன்று: பரிந்துரைக்கும் உரிமை தொழிற்சங்கங்களுக்கும், பாதிக்கப்பட்ட மக்களின் அமைப்புகளுக்கும் வேண்டும்.

நான்கு: பரிசு பெற்றவர் யுத்தம் தொடங்கினால் அதைத் திரும்பப் பெற விதி வேண்டும். நம்மில் ஒருவர் தவறு செய்தால் வேலை போகிறது. அவருக்குப் பதக்கம்கூடப் போகக்கூடாதா?

ஒஸ்லோ நம் பேச்சைக் கேட்குமா என்று கேட்காதீர்கள். நம் கையில் இருப்பதை நாம் முதலில் செய்வோம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக 2018 ஒக்டோபரில் கறுப்பு உடையோடு காலிமுகத்திடலில் திரண்டவர்கள் மலையக இளைஞர்கள். அந்த டிசம்பரில் வேலையை நிறுத்திச் சம்பளம் இழந்தவர்கள் மலையைவிட்டு இறங்கிய பெண்கள். 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்தபோது மாலை விழுந்தது யார் கழுத்தில்? பட்டாசு கொளுத்தியது யாருக்காக? பதாகைகளில் சிரித்தது யாருடைய முகம்? நம் காசில் நாமே மாலை வாங்கி, நிலுவைக்காரருக்குப் போட்டுப் பழகிய சமூகம் உலகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே தோழர்களே, வரும் தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். சம்பளமோ வீடோ காணியோ எது கிடைத்தாலும், அதற்குக் கையொப்பம் வைத்த அமைச்சருக்கும் தலைவருக்கும் நன்றி சொல்லலாம், அது மரியாதை. மாலை வேண்டாம். மாலை போட்டே ஆகவேண்டுமென்றால், அந்தப் போராட்டத்தில் அதிக நாள் பேர் இழந்த தோழரைத் தேடிப் பிடித்து அவர் கழுத்தில் போடுங்கள். அது நம் தலைவர்களுக்கும் பொருந்தும், இந்தச் சங்கத்தில் பொறுப்பில் உள்ள எமக்கும் பொருந்தும்.